முதல் வரிசை மேஜை

டொம், டொம், டொம்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன் பெண் பார்க்க வந்த தங்கவேல், டீப்பாயைத் தட்டிய சத்தம் அது. "என்ன படிச்சிருக்கேம்மா?" என்று அவர் அப்பா கேட்டார். "பி.ஏ., தமிழ்" என்றாள் சுலோச்சனா. உடனே தங்கவேல் தட்டினார். மூன்று காப்பி டம்ளர் கவிழ்ந்தது. பாராட்டு தனக்கா, அப்போதுதான் வந்து சேர்ந்த பஜ்ஜிக்கா என்பது இன்றுவரை அவளுக்குத் தெளிவாகவில்லை.

அந்தத் தட்டலை வைத்துக்கொண்டே மனிதர் ஆறு முறை எம்.எல்.ஏ. ஆகிவிட்டார்.

சட்டசபையில் அவர் பேசியது குறைவு, மேஜையைத் தட்டியதுதான் அதிகம். ஆளுங்கட்சியில் மூத்தவர் என்பதால் முதல் வரிசை. அவர் தட்டினால், முதல்வர் ஏதோ சொல்லிவிட்டார் என்று நினைத்துப் பின்வரிசை மொத்தமும் தட்டும்.

தட்டாத நேரத்தில் தூங்குவார். அதற்கும் ஒரு முறை இருந்தது. காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். மறுநொடி தூக்கம். வீட்டில் சுலோச்சனா எதையாவது ஆரம்பித்தாலும் கை முதலில் காதுக்குத்தான் போகும்.

அன்று மந்தைவெளி வீட்டுக்கு ஜோதிலட்சுமி வேலைக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு.

"ஆறரைக்கு வரணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் சுலோச்சனா.

"இன்னா பண்றதும்மா? ஆத்தோரமா இருந்தப்ப நடந்தே வந்துடுவேன். இப்ப ஊருக்கு வெளிய கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. மொத பஸ்ஸே ஆறரைக்கித்தான் கீது. ரெண்டு வூட்ல என்ன வேலய வுட்டு நிறுத்திட்டாங்க. ஐயாதான் எம்மெல்லே ஆச்சே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

தோசையோடு இருந்த தங்கவேல் நிமிர்ந்தார். "நான் கேட்டா எங்க மந்திரி மேலயே குறை சொன்ன மாதிரி ஆயிடும், ஜோதி. எதிர்க்கட்சி கேட்டா மந்திரி தர மாட்டார்."

"அப்ப யார்தான் ஐயா கேக்கறது?"

தங்கவேல் மெஷினைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த வாரமும் எட்டு மணின்னா நானும் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு சுலோச்சனா உள்ளே போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது.

நடந்தது இதுதான். கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சி இக்னேஷியஸ் எழுந்து, ஆற்றங்கரையிலிருந்து இடம் மாற்றப்பட்டவர்களுக்கு விடிகாலை நான்கரைக்கு ஒரு பஸ் வேண்டும் என்றார். போக்குவரத்து மந்திரி பதிலில் 'சாத்தியக்கூறு' வரை வந்துவிட்டார். 'இல்லை' மட்டும் பாக்கி. கண்மூடி, தலை தொங்கிக் கிடந்த தங்கவேல் திடீரென்று மேஜையைத் தட்டினார். டொம், டொம், டொம். பின்னால் நூறு மேஜை அதிர்ந்தது. முதல்வர் தலையாட்டிவிட்டார் போலிருக்கிறது என்று மிரண்ட மந்திரி, "உள்ளது" என்று முடித்தார். மறுபடி தட்டல். "நாளை மறுநாளே விடப்படும்" என்றார் மந்திரி.

முதல்வர் அப்போதுதான் அவைக்குள் வந்துகொண்டிருந்தார்.

இக்னேஷியஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கேட்டது கிடைத்த பழக்கம் அவருக்கு இல்லை.

ஊரெல்லாம் செல்போனில் சுற்றிய அந்த வீடியோவைக் கூச்சத்தில் சுலோச்சனா பார்க்கவே இல்லை. ஆனால் மாட வீதியில் கீரைக்காரியே கேட்டுவிட்டாள். "ஐயா தூக்கத்துலயே பஸ் வுட்டாராமே?" சுலோச்சனா கீரையை வாங்காமலே திரும்பினாள்.

மறுநாள் காலை மாவட்டச் செயலாளர் கோதண்டபாணி வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மேலிடத்துல கேக்கச் சொன்னாங்க. தெரிஞ்சு தட்டினீங்களா, தூக்கத்துல தட்டினீங்களா?"

"தெரிஞ்சுன்னா?"

"எதிர்க்கட்சிக்குத் துணை போனதா ஆயிடும். கட்சியை விட்டே எடுத்துடுவாங்க. விடப்போற பஸ்ஸையும் நிறுத்திடுவாங்க."

"தூக்கத்துலன்னா?"

"வயசாயிடுச்சுன்னு ஏழாவது தடவை சீட் தர மாட்டாங்க."

தெரிஞ்சுதான்னு சொல்லித் தொலையுங்களேன் என்று சுலோச்சனாவுக்கு இருந்தது. அதிலாவது கொஞ்சம் மரியாதை உண்டு.

"தூங்கிட்டேன்பா" என்றார் தங்கவேல். கொட்டாவி வேறு.

கோதண்டபாணி வருத்தப்படப் பார்த்தார். முடியவில்லை. அந்தத் தொகுதி மேல் அவருக்குப் பத்து வருட ஆசை. "வரேன் அண்ணி" என்று சுலோச்சனாவைக் கும்பிட்டுவிட்டு, படியில் துள்ளி இறங்கினார்.

"ஏங்க, தூங்கறதுக்கா ஜனங்க ஆறு தடவை ஓட்டுப் போட்டாங்க? வெளியே தலைகாட்ட முடியலை எனக்கு!"

அவர் கை காதுக்குப் போயிற்று. மெஷின் சட்டைப் பைக்குள் விழுந்தது. நாற்காலியிலேயே வாய் திறந்தது, குறட்டை வந்தது.

கோபத்தில் சுலோச்சனா செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டாள். தொங்கிய தலை. மூடிய கண். இக்னேஷியஸ் குரல். மந்திரி குரல். சரியாக அந்த ஒரு வார்த்தையில் விழுந்த தட்டல்.

நிறுத்தினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

காதில் மெஷின் இருந்தது.

போனை வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். பி.ஏ. தமிழுக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. குனிந்து, டீப்பாயை மெதுவாக மூன்று தரம் தட்டினாள்.

அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் சீட் கோதண்டபாணிக்குப் போயிற்று. ஜோதிலட்சுமி இப்போது ஆறே காலுக்கு வந்துவிடுகிறாள்.