நீலத் தாள்

மேற்கு ஜன்னல் வெயிலில் தறியிலிருந்த அரக்குப் பட்டு வெளுத்துவிடுமோ என்று பயந்து, சபாபதி அந்த ஜன்னலின் மூன்று சட்டங்களிலும் நீலக் கண்ணாடித் தாளை மைதாப் பசையால் தானே ஒட்டினான். அங்கேதான் வந்தது வினை. நீல வெளிச்சத்தில் அரக்கும் பச்சையும் ஒரே கறுப்பாகத் தெரிய, பச்சைக் கரையில் நாலு விரல் நீளத்துக்கு அரக்கு நூலை ஓட்டிவிட்டான்.

"என் குங்குமங்கூட கறுப்பா இருக்குது. நல்லா ஒட்டினீங்க போங்க!" என்று கைக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள் மனைவி பாக்கியம்.

திட்டிக்கொண்டே தாள்களை உரித்தான். பட்டு பழையபடி அரக்கானது. பாக்கியத்தின் குங்குமம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"அழிச்சிட்டு வேற வெச்சுக்க."

டப்பாவில் குங்குமம் சிவப்பு. அவள் விரல் நுனியிலும் சிவப்பு. நெற்றியைத் தொட்டதும் கறுப்பு.

அவள் மறுபடி கைக்கண்ணாடியில் பார்த்தாள். "செவப்பாத்தானே இருக்குது? உங்க ஆயுசுக்குன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கினு வாங்கியாந்த குங்குமங்க. ஏன் இப்படி மொறைக்கிறீங்க?"

சபாபதி வாசலுக்குப் போனான். குடத்தோடு போன பெண்கள் எல்லார் நெற்றியிலும் சிவப்பு.

திரும்பி வந்து பசைக் கிண்ணத்தை எடுத்தான். உரித்த தாள்களை மறுபடி ஒட்டத் தொடங்கினான்.

"கரை மறுபடி தப்பாயிடுமே!"

"ஆவட்டும். நீலத்துல எல்லாமே கறுப்புத்தானே."

அறை முழுக்க நீலம் கவிந்த பிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான்.