தினம் ஒரு கப்

எட்டுப் பேரில் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை.

லூபென் சுவரிலிருந்த பெரிய கண்ணாடியைப் பார்த்தான். இந்தப் பக்கம் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்து ஹெர்விக் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பு நிறுவனத்தின் வியன்னா தலைமை அலுவலகத்து ஆள். பல்கேரிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. இங்கே பேசுவதன் மொழிபெயர்ப்பு அவர் கைக்கு அடுத்த வாரம்தான் போகும். இன்று அவர் பார்க்கப்போவது கப்புகள் காலியாகின்றனவா என்பதை மட்டும்.

காலியானால் இந்தக் கோதுமை இனிப்பு கடைக்கு வரும். லூபெனுக்கு வியன்னாவுக்கு மாற்றல் கிடைக்கும். காலியாகாவிட்டால் இதே ப்ளோவ்திவ் நகரம், இதே வேலை, அதே வாசற்கதவு.

அவன் குடியிருக்கும் கட்டிடத்தின் வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

வியன்னாவில் கதவுகளில் அப்படி ஒட்டுவதில்லை.

மேசையில் சுவை பார்க்க வைத்த எட்டு பிளாஸ்டிக் கப்புகள். வேகவைத்த கோதுமை, பொடித்த சர்க்கரை, வால்நட், மேலே பிஸ்கட் தூள். கழற்றி வைத்த மூடிகளில் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். படத்துக்குக் கீழே 'தினம் ஒரு கப்'.

லூபென் அனுப்பிய ஆய்வில் பொய் எதுவும் இல்லை. உங்கள் மக்களின் பண்பாட்டோடு ஒட்டிய சுவை எது என்று வியன்னா கேட்டிருந்தது. கோதுமை என்று பதில் போனது. எல்லோருக்கும் தெரிந்தது. குடும்பம் கூடும்போது சாப்பிடுவது. தேவாலயத்தோடு தொடர்புள்ளது. கொடுத்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை. எல்லாம் உண்மை.

எப்போது சாப்பிடுவீர்கள் என்ற கேள்வி மட்டும் படிவத்தில் இல்லை.

லூபென் அதைச் சேர்த்திருக்கலாம். ஏன் சேர்க்கவில்லை என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை. மாற்றலுக்காகத்தான் இருக்கும். அல்லது அந்தக் கேள்வியைத் தன் கையால் எழுத முடியாததால் இருக்கலாம்.

"தினம் ஒரு கப்பா?" மருந்துக்கடை வைத்திருக்கும் ஸ்டோயாங்கா மூடியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். "தினம் தினம் யாருப்பா சாகுறது?"

பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "படத்தைப் பாருக்கா. குடும்பமே பல்லைக் காட்டுது. சொத்து வந்திருக்கும் போல."

மேசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் யாரும் சாப்பிடவில்லை. ஒருத்தி தன் கப்பை ஒரு விரலால் தள்ளிவைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டுப் பாருங்கள் என்று லூபென் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். அவன் மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

ஸ்டோயாங்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். கசங்கிய சட்டையைப் பார்த்தாள். மழிக்காத தாடியில் அவள் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

அவள் குரல் இறங்கியது. "தம்பி, இது யாருக்கு? பேரைச் சொல்லிக் குடுத்தாத்தானே நாங்க வாங்கிச் சாப்பிட முடியும்."

வாடிக்கையாளர்களுக்கு. அதுதான் சரியான பதில். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நெவெனா" என்றான்.

தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ஏழு வாரமாக அந்தப் பெயரை அவன் சொல்லவில்லை.

"உனக்கு என்ன வேணும் அவ?"

"மனைவி."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஸ்டோயாங்கா சிலுவைக்குறி போட்டாள். "நெவெனாவை ஆண்டவன் மன்னிக்கட்டும்." இறந்தவர்களுக்காகச் சொல்லும் அந்த வார்த்தைகளையே மற்ற ஏழு பேரும் சொன்னார்கள். கரண்டிகள் எழுந்தன. சொத்து என்று சிரித்தவளும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல், கப்பின் அடியைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள்.

இறந்தவர் பெயரைச் சொல்லி நாற்பதாம் நாள் கொடுக்க வேண்டிய கோதுமை இது. நெவெனாவின் நாற்பதாம் நாளன்று லூபென் வியன்னாவில் இருந்தான். இதே கப்பின் படத்தைத் திரையில் காட்டிப் பேசினான். முடித்ததும் கைதட்டினார்கள்.

போகும்போது ஸ்டோயாங்கா அவன் முழங்கையைப் பிடித்தாள். "சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்ல தம்பி."

கதவு சாத்தியதும் ஹெர்விக் இருட்டறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். லூபெனின் இரண்டு தோள்களையும் பிடித்துக் குலுக்கினார்.

"எட்டும் காலி! வியன்னாவுக்கு மூட்டையைக் கட்டு. அது சரி, முதல்ல ஒருத்தரும் தொடல. நீ ஒரு வார்த்தை சொன்ன, அதையே அவங்களும் சொல்லிட்டு அப்படியே மாறிட்டாங்க. என்னய்யா வார்த்தை அது?"

"நெவெனா."

"நெவெனா." ஹெர்விக் அதை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "வாயில நல்லா ஒட்டுது. இந்த இனிப்புக்கு இதையே பேரா வெச்சிடலாம். மூடியில பெருசா."

லூபென் இப்போது ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் வியன்னா இல்லை. சொல்லாவிட்டால் எந்த ஊருக்குப் போனால்தான் என்ன, அந்தப் பெயரைக் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எழுத்துக்கூட்டிச் சொல்லு." ஹெர்விக் பேனாவைத் திறந்தார்.

லூபென் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். வாசற்கதவில் ஒட்டும் இரங்கல் தாளுக்காக அச்சகத்தில் சொன்ன அதே நிதானத்தில் சொன்னான். அங்கேயும் ஓர் ஆள் தலையை நிமிர்த்தாமல் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் அப்போதும் தோன்றியது.