ஐந்து குட்டிகளும் இரண்டு நாள் லீவும்

"கையை எடு!" என்று கத்தினார் கிடங்கு மேலாளர்.

வீட்டில் வளர்க்கும் ஆண் ஜெர்பில் எலியைத் தனிப்பெட்டிக்கு மாற்றப் போன அவர் மனைவி திடுக்கிட்டாள். கண்ணாடித் தொட்டியில், மரச்சீவலுக்கு நடுவே, நேற்றுப் பிறந்த ஐந்து குட்டிகள் கண் திறக்காமல் நெளிந்தன.

"கடிச்சுக் கிடிச்சு வச்சிடுமோன்னுதாங்க..."

"பெத்த அப்பன் கடிக்குமா? தாய் தண்ணி குடிக்கப் போறப்ப குட்டிங்களுக்குச் சூடு குடுக்கறதே அதுதான். பிரிச்சா தாயும் மிரண்டுடும்."

இதுகளைப் பார்த்துக்கொள்ளவே இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், திரையை இழுத்துவிட்டார், மறுபடியும் குனிந்து குட்டிகளை எண்ணினார். காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

கைபேசி அலறியது. குட்டிகள் பயந்துவிடுமே என்று வாசலுக்கு ஓடினார்.

"முடியாதுன்னா முடியாதுதான்! நச்சரிக்காதே, வேலையைப் பாரு."

திரும்பி வந்தவரிடம் மனைவி கேட்டாள்: "யாருங்க?"

"நம்ம ஸ்டோர்கீப்பர். லீவு வேணுமாம்."

"எதுக்காம்?"

தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சலித்துக்கொண்டார்:

"நேத்து அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆச்சாம். பெத்தவ அவ. இவன் அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறான்?"