செப்பரேட்டர் மாட்டிய பிறகு

"இனிமே இந்த வயித்தைத் துடைக்க நீங்க வர வேண்டாம்" என்றாள் மெக்கானிக், விமானத்தின் அடிப்பக்கத்தைத் தட்டி.

பைலட்டுக்கு முகம் சுண்டிப்போனது. ஞாயிறுதோறும் பறந்து இறங்கியதும், இருவரும் விமானத்துக்கு அடியில் படுத்து, அரட்டையடித்தபடி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது வழக்கம்.

"ஏன்?"

"செப்பரேட்டர் மாட்டிட்டேன். இன்ஜின் விடுற மூச்சுல இருக்கற எண்ணெயைப் பிடிச்சுத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பிடும். காத்து மட்டும்தான் வெளியே போகும்."

அடுத்த ஞாயிறு பார்த்தால், வயிறு முழுக்க எண்ணெய்! இருவரும் குஷியாகத் துணியோடு அடியில் நுழைந்தார்கள்.

பட்டறை முதலாளியான அவள் அப்பா குனிந்து பார்த்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு செப்பரேட்டரை ஒழுங்கா மாட்டத் தெரியல! நாளையிலேருந்து இன்ஜின் பக்கமே வராதே!"

பைலட்டுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் இறங்கினதும் எண்ணெயைத் தடவிவிட்டேன். இடது பக்கம் மட்டும்."

"அப்போ வலது பக்கம்?"

துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

"அது... நான்பா."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செப்பரேட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது" என்று நிமிர்ந்தார். "ரெண்டு பேரும் கையைத் துடைச்சுக்கிட்டு உள்ளே வாங்க. பேசணும்."