மாடி வீட்டுக்காரி

எதிர் மாடி வீட்டு முற்றத்தில் சுதர்ஷினி தலைமுடியை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றாள். கேற்றுக் கதவின் இடுக்கால் அதைப் பார்த்த ஜெஸ்லியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு ஒன்றும் சுதர்ஷினியுடையதல்ல. கனடாவில் இருக்கும் அன்ரனி, விலை ஏறினால் விற்கலாம் என்று கட்டிப் போட்டது. சுதர்ஷினியும் புருஷனும் வெறும் காவல். ஆனால் அவள் நடையைப் பார்த்தால் தானே கல் சுமந்து கட்டியவள் மாதிரி இருக்கும்.

"சமையலைப் பாருங்கோ, வளவுக்குள்ள! உள்ளுக்கு ஆக்கினா மாபிள் கறுத்துப் போயிடுமாம் மகாராணிக்கு."

"அவையள் எங்கயும் ஆக்கட்டும். நாங்கள் எங்க போறது எண்டு யோசி" என்றான் கணவன் ரவிசந்திரன்.

அவர்களுடைய வாடகை அறையை இடித்து, பறவை பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டப்போகிறாராம் வீட்டுக்காரர். மாதம் முடிய அறையை விட்டு எழும்ப வேண்டும். உப்புக்குளம் ஊர் முழுக்க அலைந்தாயிற்று. எங்கும் விடுதி வாடகைதான் கேட்டார்கள். பிள்ளையையும் கொண்டு தெருவிலா படுப்பது? எதிரே ஒருத்தி அத்தனை பெரிய வீட்டில் படுத்தெழும்புகிறாள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அன்ரனி தூரத்து உறவு. ஜெஸ்லியா ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டாள். கூடவே குரல் பதிவும் போனது.

"அண்ணை, உங்கட வளவைப் பாருங்கோ. முன்னால கொடி கட்டி உடுப்புக் காயுது, பின்னால அடுப்புப் புகையுது. வாங்க வாறவை இதைப் பாத்தா திரும்பிப் போயிடுவினம்."

உடனே பதில் வந்தது. "நல்ல வேளை சொன்னாய் தங்கச்சி. ஆள் புழங்கின வீட்டுக்கு விலை இல்லை. அவையளை எழுப்பிறன். நீங்கள் வந்து காவலுக்கு இருங்கோ."

ஜெஸ்லியாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. மாடி அறையில் கடல் காற்று வரும், அது உனக்குத்தான் என்று மகளுக்குச் சொல்லியும் விட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மூட்டை முடிச்சுகளுடன் போனார்கள். கேற்றடியில் சுதர்ஷினி இரண்டு பைகளுடன் நின்றாள், கண் வீங்கியிருந்தது. இனி எங்கே போவாய் என்று கேட்க ஜெஸ்லியாவுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

"திறப்பைத் தந்திட்டுப் போ."

சுதர்ஷினி ஒரு சாவியை நீட்டினாள்.

"இது கேற்றுக்கு. வீட்டுத் திறப்பு எங்க?"

"அது கனடாவிலயல்லோ. பின் விறாந்தையில மேற்கு மூலையில பாயைப் போடுங்கோ அக்கா, அங்கதான் மழை அடிக்காது."