பீரோக் கண்ணாடி

பீரோக் கதவு திறக்கும் இடத்தில் படம் இன்றைக்கும் சிக்கிக்கொண்டது.

சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் சிக்கும். கதவில் பதித்த கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பும். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு தோள் வரும். உடனே கம்ப்யூட்டர் அடம்பிடித்து நின்றுவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி ஓடத் தொடங்கும்போது கதவு மூடியிருக்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரைப் பத்திரமாக வெளியே எடுத்திருக்கிறார். பெண்டாட்டியை ஒரு பீரோக் கண்ணாடியிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சமீபமாக அவள் முகம் வேறு அவரிடமிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. கண் ஞாபகம் வந்தது, மூக்கு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முகம் மட்டும் வரமாட்டேன் என்றது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் சிடிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் அவரேதான். அவர் சாப்பிடுகிறார், அவர் செருப்புக்கு வார் தைக்கிறார், அவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். மகன் வாங்கித் தந்த கேமராவை அவள் கீழே வைத்ததே கிடையாது. கொடு, உன்னையும் எடுக்கிறேன் என்று அவர் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடையாள அட்டையில் இருப்பவளோ யாரோ முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளை.

மிச்சம் இந்தப் பீரோப் படம் ஒன்றுதான். புதிதாக வந்து இறங்கிய அன்றே கீல் சரியில்லை என்று அவர் கதவைக் கழற்றி மாட்டினார். வழக்கம்போல அவள் பின்னால் நின்று எடுத்தாள். கண்ணாடி என்றால் முகம் தெரியாமல் போகுமா?

வேறு ஊரில் இருக்கும் மகன் போனில் வழி சொன்னான். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டார். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னான்; அதுவே பாதி மத்தியானத்தைத் தின்றது. பிறகு, படம் சிக்காமல் ஓட, பிளேயரின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன். அப்புறம் டீஇன்டர்லேஸ். பழைய கேமராப் படத்தில் சீப்புப் பல் மாதிரி விழும் கோடுகள் அதில் போய்விடுமாம். சொன்னதை மட்டும் செய்யுங்கள், வேறு எதையும் நோண்டாதீர்கள் என்று ஒன்றுக்கு இரண்டு தரம் எச்சரித்துவிட்டு, போனை வைக்காமலே தன் ஆபீஸ் வேலையில் மூழ்கினான். அவன் கீபோர்டு தட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. அதுகூட வீட்டுக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிடக்கூடாதே என்று அவர் மெதுவாகவே எல்லாம் செய்தார்.

ஆனால் நோண்டாமல் இருந்தால் அவர் என்ன மெக்கானிக்?

படத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு சத்தம். கர்ர்... புஸ்... என்று, கிரீஸ் வற்றிப்போன பேரிங் மாதிரி. சத்தம் வந்தால் கோளாறு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவருக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். ஒலிப் பக்கத்தில் இரைச்சலைக் குறைக்க என்று ஒரு கட்டம் கண்ணில் பட்டது. மகனிடம் மூச்சுவிடாமல் அதிலும் ஒரு டிக் அடித்தார்.

ஓடவிட்டார்.

அடேயப்பா, படம் வெண்ணெயாக ஓடியது. கையிலிருந்த திருப்புளியின் நுனிகூடத் தெரிந்தது. கதவு திறந்தது. கண்ணாடி திரும்பியது. அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

மஞ்சள் தோள். கழுத்து. காதோரம் கொஞ்சம் நரை. தூக்கிப் பிடித்த இரண்டு கைகள்.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா.

வேறென்ன இருக்கும்? கேமராவைக் கண்ணோடு ஒட்டவைத்து எடுப்பவளின் முகத்தில் கேமராதான் இருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம், இத்தனை நாளாக அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுபடி ஓடவிட்டார். அதே கேமரா. இன்னொரு தரம்.

முகம் இல்லை என்பது மட்டும் அல்ல, இன்னும் ஏதோ ஒன்று குறைந்தது. முகம் முன்பும்தான் தெரியவில்லை. ஆனால் அந்த மங்கல் படத்தில் அறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது பளிச்சென்று அவர் ஒருத்தர்தான் இருந்தார், ஆளில்லாத வீட்டில் கதவு மாட்டிக்கொண்டு.

வெகு நேரம் யோசித்தார். பிறகு, கடைசியாகப் போட்ட டிக்கை எடுத்தார்.

கர்ர்... புஸ்...

இந்தச் சத்தம் தாங்காமல்தான் வருஷக்கணக்காகத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுத்தார். டாக்டரிடம் காட்டித் தொலையேன் என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறார்.

போனில் கீபோர்டு நின்றது.

"என்னப்பா, ஏதோ இரையுது? அதை எடுக்கவும் ஒரு வழி இருக்கு, சொல்லட்டுமா?"

அவர் ஒலியை முழுவதுமாகக் கூட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணாண்டா. உங்கம்மாவுக்கு மூக்கடைப்பு."