நாற்பத்தொன்றாம் எண்

சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்களின் கட்டுரைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வேண்டியவர் எழுதியது என்று தெரிந்தால் இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் இந்த விதிகளைக் கொண்டுவந்ததே குழுத் தலைவரான பேராசிரியர்தான்.

நாற்பதாம் எண்ணைப் பாதி படித்ததும் நிமிர்ந்தார்.

“‘என் அப்பா நேர்மையின் சிகரம், அடக்கத்தின் மறு உருவம்.’ இது என் பொண்ணு எழுதினதேதான். நான் மார்க் போட்டா நியாயமில்லை. நீங்க போடுங்கம்மா.”

பக்கத்திலிருந்த துணைப் பேராசிரியை வாய் திறப்பதற்குள் அடுத்ததை எடுத்துவிட்டார்.

“இதைக் கேளுங்க! ‘அப்பா கேள்வி கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். பதில் பிரமாதம் என்று பாராட்டுவதும் அவரே. எனக்குப் பொறுமை வந்தது அவரால்தான்.’” கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாவம், யார் பெத்த பிள்ளையோ! நூத்துக்கு நூறு.”

மாலையில் எழுத்தர் பெயர்ப் பட்டியலைப் பிரித்தார்.

“நாற்பது, ஒரு தச்சரோட பையன் சார். நாற்பத்தொண்ணுதான் உங்க பொண்ணு.”

பேராசிரியர் துணைப் பேராசிரியையைப் பார்த்தார். “உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“நாற்பத்தொண்ணுல நீங்க படிச்ச முதல் வரியிலேயே தெரிஞ்சுது சார்.”

“அப்புறம் ஏன் சொல்லலை? தலைவராச்சேன்னு தயங்கியிருப்பீங்க. அந்த மரியாதை இருக்கு பாருங்க, பிரமாதம்!”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தாளில் தான் போட்ட நூற்றை அடித்துவிட்டுத் துணைப் பேராசிரியையிடம் நீட்டினார்.

“நீங்களே மார்க் போடுங்கம்மா. எழுதினதுல ஒரு பொய்கூட இல்லை. அதுக்கு நானே சாட்சி.”